வலியைக் கணக்கில் சேர்க்க

ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவும் இயல்பாகவே இருக்கும். ஆனால் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று மாதக்கணக்கில் வலிக்கும். தூங்கி எழுந்தாலும் அசதி தீராது. மூணாறிலும் பீர்மேட்டிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணாகட்டும், பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயல்வேலைக்குப் போகும் பெண்ணாகட்டும், இந்த வலியைச் சொன்னால் ஒரு வலி மாத்திரையும் ‘ஒண்ணுமில்லம்மா’ என்ற ஆறுதலும் கிடைத்தால் அதிகம். இந்த நோய் குறித்த ஆய்வுகளில் கேரள எல்லைப் பகுதித் தமிழர்கள் பங்கெடுக்க வேண்டும், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் பங்கெடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஆய்வுக்கு வந்தவர்களின் உடம்பை வைத்துத்தான் இந்த நோய்க்கு இலக்கணமே எழுதப்பட்டது. உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11-ல் வலித்தால் நோய் என்ற 1990-ஆம் ஆண்டு அளவுகோல், அமெரிக்கா, கனடாவின் 16 மையங்களில் 293 நோயாளிகளைச் சோதித்து உருவானது. 2010-இல் அழுத்திப் பார்ப்பதைக் கைவிட்டு, அசதி, தூக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். நோயின் தாக்கத்தை அளக்க 1991-இல் வெளியான வினாத்தாளைப் பாருங்கள்: வாஷிங் மெஷினில் துணி துவைக்க முடிகிறதா, கம்பளத்தை வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்ய முடிகிறதா, கார் ஓட்ட முடிகிறதா? சரிவில் நின்று கத்தரியால் கொழுந்து வெட்டி, பச்சை இலை மூட்டையை எடை போடும் இடத்துக்குச் சுமந்து வருபவளின் வலி இதில் எங்கே பதிவாகும்? 2009-இல் அதைத் திருத்தியபோது காரும் வாஷிங் மெஷினும் போயின. ஆனாலும் மளிகைப் பையைத் தூக்குவதைத் தாண்டிய சுமை அதில் இல்லை. நம்மவர்கள் ஆய்வுக்குள் வராதவரை நம் வேலைக்கு ஏற்ற கேள்வியும் வராது.

இங்கே அது நடக்காது என்பதற்கில்லை. புனே அருகே பிக்வான் கிராமத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வு, வீடுவீடாகப் போய் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மூட்டு, தசை வலியைக் கேட்டுப் பதிந்தது. அங்கே முடிந்தது தேவிகுளத்துத் தோட்ட லயங்களில் முடியாதா?

‘எங்களைச் சோதனை எலியாக்குவார்கள்’ என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 1999-2000இல் வாய்ப்புற்று நோயாளிகள் 26 பேருக்குச் சோதனை மருந்து செலுத்தப்பட்டது. அந்த ஆய்வில் இருந்த தங்கள் பேராசிரியர் உரிய அனுமதி பெறவில்லை என்று 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். அதைக் கைபேசியிலேயே பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டு மருந்துச் சோதனை விதிகளின்படி, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி உடனிருக்க வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மலையாளத்தில் மட்டும் அச்சடித்த படிவத்தை நீட்டினால், தமிழில் கொடுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

வலிக்குக் காரணம் வேலைச்சுமை, அதற்கு ஆய்வு எதற்கு என்பவர்களும் உண்டு. சுமை உண்மை, 2015-இல் மூணாறு தோட்டத் தொழிலாளர்களான பொம்பிளை ஒருமைப் பெண்கள் கூலிக்கும் போனசுக்கும் தெருவில் அமர்ந்ததை நாடே பார்த்தது. ஆனால் வேலையால் வரும் முதுகுவலியும் ஃபைப்ரோமயால்ஜியாவும் ஒன்றல்ல, மருத்துவமும் ஒன்றல்ல. வழக்கமான வலி மாத்திரை ஃபைப்ரோமயால்ஜியாவுக்குப் பெரிதாக உதவுவதில்லை. சிறுகச் சிறுகக் கூட்டும் உடற்பயிற்சியும், சிலருக்கு ப்ரீகாபலின், டுலாக்சிடின் போன்ற மருந்துகளும் உதவுகின்றன. அந்த மருந்துகளுக்கு 2007, 2008-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே, மருந்தில்லாத வெறும் மாத்திரை தரப்படலாம் என்று தெரிந்தும் சோதனைக்கு முன்வந்த நோயாளிகளால்தான். இரண்டு வலியையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரைதான்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகிறது. அந்த இழப்பையும் பஸ் செலவையும் ஈடுகட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இடம் தருகின்றன. ஆய்வுக்கு அழைப்பு வந்தால் முதலில் நான்கு கேள்வி கேளுங்கள்: பதிவு எண் என்ன, ஆய்வை அனுமதித்த நெறிமுறைக் குழு எது, தமிழ்ப் படிவம் எங்கே, போன கூலியை யார் தருவார்கள்? நான்குக்கும் நேரான பதில் வந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.