இணைய ஏலத்தில் விலை செலுத்தாமை

இணைய ஏலத்தில் விலை செலுத்தாமை என்பது, இணையவழி ஏலத்தில் உயர்ந்த விலை கேட்டு வென்றவர் அவ்விலையைச் செலுத்தாது விடுவதைக் குறிக்கும். ஈபே போன்ற தளங்கள் இத்தகையோரின் கணக்குகளைக் கட்டுப்படுத்துகின்றன. அடுத்த நிலையில் விலை கேட்டவருக்குப் பொருளை அளிக்கவும் அவை வழி செய்கின்றன.

சட்ட நிலை

இந்தியாவில் இதற்கு 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தும். முழு விலையைப் பெறாத விற்பனையாளர், பொருள் தம் கைவசம் உள்ளவரை அதனைக் கொடாது நிறுத்தி வைக்கலாம். மறுவிற்பனை செய்யவிருப்பதை ஏலம் எடுத்தவருக்கு அறிவித்து, நியாயமான காலத்துக்குள் பணம் வராவிடில் வேறொருவருக்கு விற்கலாம் (பிரிவு 54).

எடுத்துக்காட்டு

நாமக்கல் மாவட்டத்தின் குமாரபாளையம், லுங்கி, துண்டு முதலியவை விசைத்தறியில் நெய்யப்படும் ஊராகும். அங்குள்ள தறி உரிமையாளர் ஒருவரின் லுங்கிக் கட்டு இணைய ஏலத்தில் 40,000 ரூபாய்க்குப் போனதாகவும், பணம் வராமையால் மறு ஏலத்தில் 34,000 ரூபாய்க்கே விற்றதாகவும் கொள்வோம். முன்னறிவிப்புச் செய்திருந்தால், 6,000 ரூபாய் இழப்பை முதலில் ஏலம் எடுத்தவரிடம் கோரலாம். செய்யாவிடில் கோர இயலாது. மாறாக 45,000 ரூபாய்க்கு விற்றிருந்தால், முன்னறிவிப்பு இல்லாத நிலையில் மிகுதியான 5,000 ரூபாய் முதலில் எடுத்தவருக்கே உரியதாகும்.

பொருள் கைமாறிய பின்

பொருள் வாங்கியவரின் கைக்குச் சென்றபின் இவ்வுரிமைகள் அற்றுப்போகும். விலையைக் கோரி வழக்குத் தொடுக்க வேண்டும். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்கள், 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, 45 நாட்களைக் கடந்த நிலுவைக்கு வங்கி வீதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டியும் கோரலாம். எனினும், விலை வந்தபின் பொருளை அனுப்புவதே பாதுகாப்பான முறையாகும்.