கோழியின் ஒரு இறக்கை தொங்குதா? கத்தியைத் தேடுறதுக்கு முன்னாடி...

மாடியிலும் கொல்லையிலும் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பது இப்போது ஐ.டி. வேலைக்காரர்களுக்கும் பொழுதுபோக்காகிவிட்டது. தெருநாயோ கீரியோ பூனையோ ஒருநாள் உள்ளே புகுந்தால் கதை மாறும். கோழி உயிரோடு தப்பியிருக்கும். ஒரு இறக்கை மட்டும் தரையில் இழுபடும். உடனே பக்கத்து வீட்டிலிருந்து யோசனை வரும்: "இனிமே தேறாது, குழம்பு வெச்சிடுங்க."

அவசரப்பட வேண்டாம். புறாவுக்குப் பறக்க முடியாவிட்டால் பிழைப்பு போச்சு, கோழிக்கு அப்படியில்லை. கோணலாகக் கூடிய இறக்கையோடு ஒரு பெட்டை பல வருஷம் மேயும், முட்டையும் இடும். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் எலும்பு முறிவால் வருவதில்லை. அதிர்ச்சி, ரத்தப்போக்கு, புழு, கூட வளரும் மற்ற கோழிகள் என்று வேறு பக்கத்திலிருந்து வருகிறது.

முதலில் எண்ண வேண்டியது இறக்கையை. ஒன்று மட்டும் தொங்கினால் காயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டையும் தளர்த்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெயில் தாங்காத கோழி; நிழலும் தண்ணீரும் வேண்டும். கால் இழுத்துக்கொண்டாலோ, கழுத்து திருகினாலோ, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தாலோ வெள்ளைக் கழிச்சல் போன்ற நோயாக இருக்கலாம். கட்டுப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. மற்ற கோழிகளுக்கும் பரவிவிடும்.

காயம்தான் என்றால், துரத்திப் பிடிப்பதுதான் முதல் தப்பு. இருட்டிய பிறகோ, துண்டை மேலே போட்டோ பிடித்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடினால் கோழி தானாக அடங்கும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் மறுபடி கசியும். கூட்டத்திலிருந்து உடனே பிரிப்பது கட்டாயம். கோழிகளுக்குச் சிவப்பு நிறம் கண்ணில் பட்டால் போதும்; ஒன்று கொத்த ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

தோல் கிழிந்திருந்தால் உப்புக் கரைசலாலும் (சலைன்), வெளிர் டீ நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடினாலும் துடைக்கலாம். ஆனால் எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. பறவையின் மேற்கை எலும்பு உள்ளே கூடானது. உடம்புக்குள் இருக்கும் காற்றுப் பைகளோடு அதற்குத் தொடர்பு உண்டு. இறக்கையில் ஊற்றும் தண்ணீர் மூச்சுப் பாதைக்கே போகலாம்! ஈரத்துணியால் மூடிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டிய கேஸ் அது. நாய், பூனை கடித்ததும் அப்படித்தான்: வெளியே ஊசிக் குத்து மாதிரி தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும்.

கட்டுப் போடுவது எப்படி?

ஆரோக்கியமான இறக்கை எப்படி மடங்கியிருக்கிறதோ, அதே மாதிரி அடிபட்டதையும் மடித்து, தன்மேல் தானே ஒட்டும் பேண்டேஜால் உடம்போடு சேர்த்துச் சுற்றுவார்கள். நல்ல இறக்கையும் கால்களும் எச்சம் போகும் இடமும் வெளியே இருக்க வேண்டும். பிளாஸ்டர் வேண்டாம், பிரிக்கும்போது இறகோடு வரும். இறுக்கம்தான் பெரிய ஆபத்து. பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. ஒரு விரல் உள்ளே நுழைகிற அளவு தளர்வு இருக்கட்டும். வாலை ஆட்டி ஆட்டி மூச்சுவிட்டால் உடனே தளர்த்த வேண்டும்.

பறவை எலும்பு வேகமாகக் கூடும், ஏறக்குறைய மூன்று வாரம். 'இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே' என்று கட்டை விட்டுவைத்தால் மூட்டு இறுகிப்போகும். நடுவில் எப்போது அவிழ்த்துக் கட்டுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகத்திலேயே காட்டலாம். அவசர ஊர்திக்கு 1962. கோழியைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி போறதான்னு கூச்சப்படத் தேவையில்லை.

வீட்டு மருந்து டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். மனிதர்களுக்கான வலி மாத்திரையின் அளவு கோழிக்குப் பொருந்தாது. டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குத் தர 2006-லேயே இந்தியா தடை விதித்தது; மருந்து செலுத்திய மாடுகளின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்ததுதான் காரணம். மருத்துவர் ஆன்டிபயாடிக் தந்தால், முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த மூன்று வாரமும் மேலே ஏறும் கம்பு வேண்டாம். தரையில் வைக்கோலோ உமியோ போட்டு, தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் வைத்தால் போதும். ஊறவைத்த நொய், கம்பு, கொஞ்சம் அவித்த முட்டை என்று தரலாம். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாசல் இருக்கிறது. நம்ம ஊர் வெக்கையில் ஈ மொய்த்தால் புழு வைக்க அதிக நேரம் ஆகாது. அதனால் காயத்தைத் தினமும் காலை மாலை பார்ப்பது அவசியம்.

குணமான கோழியைப் பட்டென்று கூட்டத்தில் விட்டால் புதுசாக வந்ததைப் போல அடி வாங்கும். கோழிகளுக்குள் 'யார் யாரைக் கொத்தலாம்' என்ற படிநிலை உண்டு. மூன்று வாரம் காணாமல்போனதன் இடம் அதற்குள் பறிபோயிருக்கும். முதலில் சில நாள் வலைக்கு அந்தப் பக்கம் பஞ்சாரத்தில் வைத்துப் பார்க்கவிட்டு, பிறகு ஒரு ராத்திரி எல்லாம் அடைந்தபின் நடுவில் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள் அனுபவசாலிகள். மறுநாள் காலை கூண்டு திறக்கும்போது ஒருத்தர் பக்கத்தில் நிற்பது நல்லது.