சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

ஆயுத பூஜையில் தொடங்கி காணும் பொங்கல் வரைக்கும் தமிழ்நாட்டில் தான தர்மத்துக்கான காலம். போனஸ் வந்திருக்கும், பிள்ளைக்குப் பிறந்தநாள் வரும், தாத்தாவின் திதி வரும். குடும்பமாகக் கிளம்பி ஒரு குழந்தைகள் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ போய், ஒரு வேளைச் சாப்பாடு போட்டு, துணிமணி கொடுத்து, கையில் இருப்பதை நன்கொடையாகத் தந்துவிட்டு வருகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் விடுமுறை முடிந்ததும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான கதைகளைத்தான் சொல்கிறார்கள். “ஐம்பது பிள்ளைகள் என்றார்கள், போய்ப் பார்த்தால் பதினைந்துகூட இல்லை.” “கொடுத்த ரசீது செல்லாது என்கிறார் ஆடிட்டர்.” “பணம் போனது டிரஸ்ட் கணக்குக்கு இல்லையாம், யாரோ ஒருவரின் சொந்தக் கணக்காம்.” எல்லாமே கொடுத்த பிறகு வருகிற கேள்விகள். ஒரு பட்டுச்சேலைக்கு நாலு கடை ஏறி இறங்குகிற குடும்பம், அதே அளவு பணத்தை ஒரு காகிதமும் கேட்காமல் முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கிறது.

எந்தக் காகிதத்தைக் கேட்பது என்று தெரியாததுதான் முதல் சிக்கல். பெரும்பாலானவர்கள் ரசீதுப் புத்தகத்தின் தலைப்பில் அச்சடித்திருக்கும் டிரஸ்ட் பதிவு எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்த எண், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் அறக்கட்டளைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். நிதி ஆயோக்கின் தர்பன் தளத்து எண்ணும் அப்படித்தான். இரண்டில் எதுவும் ஒரு குழந்தையைத் தங்கவைத்து வளர்க்கும் அனுமதி ஆகாது. மறுபடியும் சொல்கிறேன்: டிரஸ்ட் பதிவு வேறு, இல்லம் நடத்தும் அனுமதி வேறு.

குழந்தைகள் இல்லம் என்றால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவுச் சான்று இருக்க வேண்டும். அரசு உதவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது கட்டாயம். இந்தப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆகவே சான்றிதழ் சுவரில் தொங்குகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் போய் முடியும் தேதியைப் படியுங்கள். அதில் இருக்கும் முகவரி நீங்கள் நிற்கும் கட்டடத்தின் முகவரிதானா என்று பாருங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு அனுமதி, ஆண் பிள்ளைகளுக்கா பெண் பிள்ளைகளுக்கா என்று கேளுங்கள். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு என்கிறது 42ஆம் பிரிவு. “இது இல்லம் இல்லைங்க, விடுதிதான்” என்று சிலர் சமாளிப்பார்கள். விடுதிக்கும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

முதியோர் இல்லமானால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்க வேண்டும். மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்து மருத்துவம் பார்க்கும் இடமானால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். ஒரே வளாகத்தில் முதியவர்களும் குழந்தைகளும் மனநோயாளிகளும் கலந்து கிடந்தால் அங்கே சாப்பாடு போட்டுவிட்டு வருவது போதாது, உடனே புகார் செய்ய வேண்டும்.

இது வீண் சந்தேகம் இல்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய அனுமதியில்லாமல் நடந்துவந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட சிலரைக் காணவில்லை என்ற புகாரும் பாலியல் கொடுமைப் புகாரும் எழுந்து வழக்கு சிபிசிஐடி வரை போனது. 2021இல் மதுரையில் ஓர் இல்லத்தின் மீது, குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் பொய் ஆவணம் காட்டிவிட்டு விற்றதாக வழக்கு வந்தது. இப்படிப்பட்ட இடங்களுக்கும் நல்ல மனதோடு வந்து அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போனவர்கள் இருந்திருப்பார்கள். அதிகாரிகள் முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏதாவது வெடித்த பிறகு மாவட்டம் முழுக்க ஆய்வு நடத்துவதும், அடுத்த செய்தி வந்ததும் மறந்துவிடுவதும் பழகிப்போன வேலை. அதனால்தான் வாசலில் நிற்கும் நன்கொடையாளர் கேட்க வேண்டியிருக்கிறது.

சரிபார்க்க இரண்டு வழி. போவதற்கு முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், இல்லத்தின் பெயரைச் சொல்லி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல மாவட்டங்களில் அந்த அலகு ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கிறது. வாய்மொழியாகச் சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடுங்கள். வெள்ளைத் தாளில் ‘பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு’ என்று முகவரியிட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் பதிவு முடியும் தேதி, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை, கடைசியாக ஆய்வு நடந்த தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தீபாவளிக்குப் பட்டியல் வேண்டுமென்றால் ஆவணி மாதத்திலேயே மனு போட்டுவிடுங்கள். குடியிருப்பு சங்கத்திலோ அலுவலக நண்பர் குழுவிலோ ஒருவர் தன் பெயரில் ஒரு மனு போட்டால் எல்லோருக்கும் உதவும்.

நேரில் போனபோது தவறாக ஏதாவது கண்ணில் பட்டால் 1098க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். முதியவர்கள் விஷயம் என்றால் 14567. தொலைபேசியோடு நின்றுவிடாமல், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மனுவும் கொடுங்கள். மனுவுக்கான எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். எண் இல்லாத மனுவை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2022 அக்டோபரில், ஆயுத பூஜைக்கு அடுத்த நாட்களில், திருப்பூர் அருகே ஒரு காப்பகத்தில் உணவு நஞ்சாகி மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். மண்டபத்தில் மீந்த பிரியாணியை இரவு பத்து மணிக்கு வேனில் ஏற்றி இல்லத்துக்கு அனுப்புவது தர்மம் இல்லை. சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த சோற்றை உங்கள் பிள்ளைக்குப் போட மாட்டீர்கள் என்றால் அங்கேயும் கொண்டுபோகாதீர்கள். தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுக்கிற இனிப்பு வேண்டாம். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. வாங்கும்போது அந்தத் தேதியைக் கேளுங்கள். எழுதி வைக்காத கடையைப் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். ஒரே நாளில் நாலு குடும்பம் சாப்பாடு கொண்டுவந்து குவிவதும், மார்ச் மாதத்தில் அரிசியில்லாமல் இல்லம் தவிப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. முன்னதாகவே பேசி, மளிகைக் கடையில் மாதாமாதம் பொருள் போய்ச்சேர ஏற்பாடு செய்தால் பிள்ளைகளுக்கு அதுதான் உதவி.

அடுத்தது, கைபேசியைப் பையில் வையுங்கள். கேக் வெட்டும்போது இல்லத்துப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் படம் எடுத்து முகநூலிலும் ஸ்டேட்டஸிலும் போடுகிறார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, முகம், அடையாளம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நிர்வாகி அனுமதித்தார் என்பது உங்களைக் காப்பாற்றாது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளையும் ஒரு வகுப்பறையில் மற்ற பிள்ளைகளோடுதான் உட்காருகிறது. கை நீட்டி வாங்கும் அதன் படம் அந்த வகுப்பில் சுற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

“இந்தக் குழந்தையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்று ஆசையில் கேட்கிறவர்களும் உண்டு. “ஐம்பதாயிரம் டிரஸ்ட்டுக்குக் கொடுங்கள், பேசி முடித்துவிடலாம்” என்று எவராவது சொன்னால் அது குழந்தை விற்பனை. அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் அபராதமும் இருக்கிறது, வாங்கியவருக்கும் சேர்த்துத்தான். தத்தெடுக்க மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்து முறையாகக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் பண்டிகைக்கு அழைத்துப் போகிறோம் என்றாலும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில்லாமல் இல்லம் பிள்ளையை உங்களோடு அனுப்பக் கூடாது.

ரசீதுக்கு வருவோம். வருமான வரியில் 80ஜி கழிவு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, நிபந்தனைகள் தெரிவதில்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. அரிசி, துணி, இனிப்பு எதற்கும் கழிவில்லை. ரசீதில் நிறுவனத்தின் பான் எண்ணும் 80ஜி பதிவு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். 2021இல் புதிய முறைப்படி மறுபதிவு பெற்ற நிறுவனங்கள் பலவற்றுக்கு அந்த ஐந்தாண்டு அனுமதி 2026 மார்ச் வரைக்குமானதுதான். பழைய எண்ணை அச்சடித்த புத்தகத்தையே இன்னும் கிழித்துக் கொடுத்தால் புதுப்பித்ததற்கான உத்தரவைக் கேளுங்கள். ரசீது மட்டும் போதாது. நிறுவனம் உங்கள் பான் எண்ணோடு நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அங்கிருந்து இறக்கிய நன்கொடைச் சான்றை உங்களுக்குத் தர வேண்டும். 10பிஇ என்ற படிவ எண்ணில் ஆடிட்டர்கள் கேட்பது இதைத்தான். மார்ச்சில் நிதியாண்டு முடிந்து மே 31க்குள் இது நடக்க வேண்டும். ஆகவே பணம் கொடுக்கும் நாளிலேயே பான் எண்ணை எழுதிக் கொடுங்கள்.

கைபேசியில் வரும் வேண்டுகோள்கள் தனிக் கதை. மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் குழந்தையின் படம், கீழே ஒரு கியூஆர் கோடு. பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அறக்கட்டளை என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். மருத்துவமனையின் வரவேற்பு எண்ணைச் சொந்தமாகத் தேடி எடுத்து, நோயாளி அங்கே இருக்கிறாரா என்று விசாரித்து, மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுங்கள். ஏமாந்துவிட்டது தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் கிடைக்கும். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணோடு வங்கிக் கிளையிலும் எழுதிக் கொடுங்கள்.

தான தர்மமெல்லாம் முடிந்து, பொங்கல் விடுமுறையின் கடைசி நாள் கூட்டம் மெரினாவிலும் வண்டலூரிலும் வந்து கூடும். காணும் பொங்கலன்று சென்னைப் போலீஸார் குழந்தைகள் கையில் பெற்றோர் எண் எழுதிய பட்டை கட்டுகிறார்கள், கடலில் இறங்கத் தடுப்பு போடுகிறார்கள். தடுப்பைத் தாண்டி முழங்கால் தண்ணீர்தானே என்று பிள்ளையை இறக்கும் அப்பாக்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்க முடிகிறது. மெரினாவில் கரையை ஒட்டியே ஆழம் அதிகம், நீரோட்டம் உள்ளே இழுக்கும். இறங்காதீர்கள். பட்டையில் உங்கள் எண்ணோடு வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அத்தனை கூட்டத்தில் உங்கள் கைபேசிக்கு அழைப்பு வந்து சேராமல் போகலாம்.

பிள்ளை காணாமல் போனால் ஒருவர் அதே இடத்தில் நிற்க, மற்றவர் போலீஸ் கூடாரத்துக்கு ஓட வேண்டும். உடனே 112க்கும் சொல்லுங்கள். வேறொருவரின் குழந்தை உங்கள் கையில் வந்து சேர்ந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள், வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். போலீஸிடம் ஒப்படையுங்கள், அல்லது 1098க்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்.

“இருபத்து நாலு மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று காவல் நிலையத்தில் சொன்னால் திரும்பிப் போகாதீர்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. “எங்கள் எல்லை இல்லை” என்பதும் சாக்கு. எந்தக் காவல் நிலையமும் பதிந்துகொண்டு உரிய இடத்துக்கு அனுப்பலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. மறுத்தால் புகாரை எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். சென்னையில் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு. அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பதிவானதும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும், ஜெராக்ஸுக்குக் கூடப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.