நூலக ஆப்ல ஓசியில் இ-புக் படிக்கிறது பைரசியா? பணம் போற வழியைப் பாருங்க!

கடையில் 400 ரூபாய் விலையுள்ள புத்தகத்தை நூலக ஆப்ல ஒருத்தர் இலவசமா படிக்கிறார். இன்னொருத்தர் அதையே டெலிகிராமில் வந்த பிடிஎஃப்-ல படிக்கிறார். ரெண்டு பேரும் பைசா கொடுக்கலை. அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. காரணம், முதல் ஆளுக்காக வேறொருவர் ஏற்கெனவே பணம் கட்டியாச்சு.

நூலகம் எப்படிப் பணம் கட்டுது?

அமெரிக்க நூலகங்களும் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியமும் 'லிப்பி' ஆப் மூலமா இ-புக் தர்றாங்க. அச்சுப் புத்தகம் வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. கிழியும் வரை இரவல் கொடுக்கலாம். இ-புக்குக்குப் பெரும்பாலும் லைசென்ஸ்தான். கணக்கு பாஷையில் சொன்னா, வாடகை மாதிரி. ஹார்ப்பர்காலின்ஸ் 2011-ல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு இ-புக் 26 முறை இரவல் போனதும் லைசென்ஸ் முடிஞ்சுது. வேணும்னா நூலகம் மறுபடி காசு கட்டணும். நீங்க எடுத்தது அந்த 26-ல் ஒண்ணு. பிரிட்டனில் 2018 ஜூலையிலிருந்து, இ-புக் இரவலுக்கும் எழுத்தாளருக்குத் தனியா தொகை போகுது.

'நூலகம்'னு பேர் இருந்தா போதுமா?

போதாது. இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பு, கையில் இருந்த அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி, லைசென்ஸ் இல்லாமல் இரவல் கொடுத்தது. 2020-ல் நாலு பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023-ல் வந்த தீர்ப்பு அமைப்புக்கு எதிராகப் போனது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. வழக்கு அந்த அமைப்பு மேலதான், படிச்சவங்க மேல இல்லை.

பிடிஎஃப் ஃபார்வர்டு பண்றவங்க கவனத்துக்கு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவுப்படி, தெரிந்தே மீறினாலும், மீற உதவினாலும் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லைன்னா நீதிமன்றம் குறைக்கலாம். ஆனாலும் 400 ரூபாய் மிச்சம் பிடிக்க எடுக்கிற ரிஸ்க்கா இது?

சட்டப்படியே இலவசம்

எழுத்தாளர் இறந்து 60 வருஷம் கடந்த நூல்களுக்கு இந்தியாவில் பதிப்புரிமை கிடையாது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களும் அப்படித்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' பிடிஎஃப்-ஐத் தாராளமா படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இப்படி நிறைய நூல்கள் இருக்கு.

டவுன்லோடு பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க:

1. பதிப்புரிமை முடிஞ்ச அல்லது நாட்டுடைமையான நூலா?
2. இல்லைன்னா, கொடுக்கிறவர்கிட்ட லைசென்ஸ் இருக்கா?
3. இரவல்னா, கெடு தேதி இருக்கா? கெடுவே இல்லாமல் புதுப் புத்தகம் முழுசா கிடைச்சா சந்தேகப்படுங்க.

கடைசியா ஒண்ணு. தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டுறவங்க, அதோட 10% நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுறீங்க. நூலகத்தில் நீங்க படிக்கிறது ஓசி இல்லை, உங்க காசுதான். கூச்சப்படாமல் உறுப்பினர் ஆகுங்க!