ஒட்டுப் பிடித்தால் மட்டும் போதுமா?

விபத்தில் நசுங்கிய காரொன்று கிராமத்துக் கராஜுக்கு வருகிறது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள தூண் உட்புறமாக வளைந்திருக்கிறது. காஸ் சுவாலையால் சிவக்கக் காய்ச்சி, தட்டி நிமிர்த்தி, ஒட்டி, வர்ணம் பூசி அனுப்பிவிடுகிறோம். பார்வைக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் அத்தூணின் பலம் போய்விட்டது.

இதன் காரணத்தை நமது கொல்லர்கள் நன்கறிவர். காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த கத்தியை மறுபடி நெருப்பிலிட்டால் பதம் கெட்டுவிடும். புதிய கார்கள் பலவற்றின் தூண்களும் அவ்வாறானவையே. சிறிதளவு போரன் கலந்த உருக்குத் தகட்டை ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வரை சூடாக்கி, குளிர்ந்த அச்சில் அழுத்தி, விரைவாக ஆறவைத்து அவற்றைச் செய்கிறார்கள். சாதாரண மென்னுருக்கு ஒரு சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 30 கிலோ இழுவையைத் தாங்கும். இதுவோ சுமார் 150 கிலோவைத் தாங்கும். மறுபடி சூடாக்கிய இடம் மென்மையாகிவிடும். அடுத்த மோதலில் தூண் அவ்விடத்திலேயே மடியும். உள்ளே இருப்பவரின் உயிரே ஆபத்துக்குள்ளாகும்.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. சாதாரண துளைக்கும் அலகு வழுக்கி மழுங்கினால் அது கடின உருக்காக இருக்கலாம். உற்பத்தியாளரின் திருத்தற் கைநூலைப் பார்க்காமல் வெட்டக்கூடாது. வளைந்த போரன் உருக்கை நிமிர்த்தாது, அனுமதிக்கப்பட்ட மூட்டிலிருந்து புதிய பாகத்தை மாற்றுவதே முறை.

2. ஒட்சி-அசற்றலீன் சுவாலை வேண்டாம். அதன் வெப்பம் நெடுந்தூரம் பரவும். கைநூல் கூறும்படி புள்ளி ஒட்டையோ, காப்பு வாயுவுடன் கூடிய மிக் ஒட்டையோ பயன்படுத்துக.

3. முதலில் பற்றரியைக் கழற்றுக. காற்றுப்பைகள் உள்ள இடத்தில் கைநூல் கூறும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். ஹைபிரிட் வாகனமாயின் உயர் மின்னழுத்தத் தொகுதியைப் பயிற்சி பெற்றவரே துண்டிக்க வேண்டும்.

4. நாகப் பூச்சு எரியும் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தின் பின் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடிப்பது இதற்குக் காப்பாகாது. காற்றோட்டமும் தகுந்த முகமூடியுமே காப்பு.

5. அதே வகை, அதே தடிப்புத் துண்டுகளை முதலில் ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். புள்ளி ஒட்டு நல்லதாயின் ஒரு தகட்டில் துளை விழும்; மற்றதில் பொத்தான்போல் உலோகம் ஒட்டியிருக்கும். வெறுமனே கழன்றுவந்தால் இயந்திரத்தைச் சீர்செய்த பின்னரே வாகனத்தில் கைவையுங்கள்.

6. வேலை முடிந்ததும் பூச்சு எரிந்த இடங்களுக்குத் துருத்தடுப்புப் பூசுக.

இவற்றுக்கான வசதி இல்லாவிடின், "இவ்வேலை எம்மால் இயலாது" என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுவோம். அதனால் ஒருநாட் கூலி போகலாம். ஆனால் ஒரு குடும்பம் நம்பி ஏறும் வாகனம் அது.