மேகக் கிடங்குக்கு ஒரு பரீட்சை

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்த வாரத்தில் நம் கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர், உள்ளே ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, இனி ஒன்றும் எடுக்க முடியாது என்று கையை விரித்தார். ஐந்து மாதத்துப் பற்று வரவு அதற்குள் இருந்தது. கொடும்பாளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போய், "உங்கள் பாக்கியை நீங்களே சொல்லுங்கள்" என்று நிற்க வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் தங்கள் சிட்டையைப் புரட்டிப் பைசா குறையாமல் சொன்னார்கள். இரண்டொருவர் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நம் மகள் வயிற்றுப் பேரன், "தாத்தா, கணக்கைக் கிளவுடில் வைத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை" என்றான். மேகத்தில் கணக்கா என்று சிரித்தோம். இன்று அவன் அந்த மேகத்தை நிர்வாகம் செய்வதற்கான சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறான். கடை சாத்திய பிறகு அவனோடு திண்ணையில் உட்கார்ந்து நாமும் பாதிப் பாடம் கேட்டாயிற்று. நாம் பள்ளிப்படிப்போடு நின்றவர்கள். ஆனாலும் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்திருக்கும் உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

கிளவுட் என்பது வாடகைக் கிடங்கு, அவ்வளவுதான். நாமே கம்ப்யூட்டர் வாங்கி வைப்பதற்குப் பதில், பெரிய நிறுவனங்கள் கட்டி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கூடங்களில் வேண்டிய அளவு இடமும் வேகமும் வாடகைக்கு எடுக்கிறோம். அமேசான் வெப் சர்வீசஸ் 2006-ல் இப்படி விற்கத் தொடங்கியது. இந்தியாவில் மும்பையில் 2016-லும் ஐதராபாத்தில் 2022-லும் கூடங்களைத் திறந்தது. மைக்ரோசாப்ட் 2015-லேயே சென்னையில் வைத்துவிட்டது. அமேசான் என்றதும் நம்மவர் சிலர் புருவம் உயர்த்துவது தெரிகிறது. ஆன்லைன் வணிகம் பற்றிய நம் கருத்தில் மாற்றமில்லை. இது அந்நிறுவனத்தின் வேறொரு தொழில், பேரன் எழுதுவது அவர்கள் நடத்தும் தேர்வு.

நம் பொருளைத் தூரதேசத்தில் பிறர் காவலில் விடுவது இந்த ஊருக்குப் புதிதுமல்ல. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்று கல்வெட்டுகள் கூறும் வணிகக் குழுவினர் இருந்த ஊர் இது. தாய்லாந்தில் தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளம் மணிக்கிராமத்தார் காவலில் விடப்பட்டதைச் சொல்கிறது. கடல் தாண்டியும் எது யார் பொறுப்பு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

தேர்வின் அடிப்படைப் பாடமும் அதுவேதான். கட்டடம், மின்சாரம், இயந்திரம் இவை நிறுவனத்தின் பொறுப்பு. உள்ளே வைக்கும் சரக்குக்கும் சாவிக்கும் வாடகைக்கு எடுத்தவரே பொறுப்பு. முதலாளி சாவியை அன்றாட வேலைக்கு எடுக்கக்கூடாது. அதற்கு இரண்டாவது பூட்டாகக் கைபேசிச் செயலியில் தோன்றும் எண்ணையும் சேர்க்க வேண்டும். கணக்குப்பிள்ளைக்குக் கணக்கறைச் சாவி, எடை போடுபவருக்குக் கிடங்குச் சாவி என்று அவரவர் வேலைக்கு வேண்டியதை மட்டும் கொடுக்க வேண்டும். பண்டிகைக் கூட்டத்துக்கு ஆள் கூட்டுவதுபோல் இயந்திரங்களைக் கூட்டி, கூட்டம் வடிந்ததும் குறைக்க வேண்டும். நகல் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கேட்டபோது, மளிகைக் கடையில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் எது கஷ்டம் என்று நினைத்தோம்.

கஷ்டம் இருந்தது. தேர்வில் 65 கேள்விகள், 130 நிமிடம். 1000-க்கு 720 எடுத்தால்தான் தேர்ச்சி. கட்டணம் 150 டாலர். வரியும் சேர்த்தால் பத்துச் சிப்பம் நல்ல அரிசி விலை வரும். முதல் தடவை அவனுக்கு 692. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தவறியவர் மறுபடி எழுத 14 நாள் பொறுக்க வேண்டும். முழுக் கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். தான் கேட்டு வாங்கிய பணம் வீணாயிற்றே என்பதுதான் அவனை அரித்தது.

மூன்றாம் நாள், "எங்கே விட்டாய் தம்பி?" என்று உட்கார வைத்துக் கேட்டோம். பயிற்சிக் கேள்விகளைத் தமிழில் சொல்லச் சொன்னோம். ஒரு கேள்விக்கு நான்கு விடை. அதில் இரண்டு மூன்று வேலைக்கு ஆகும் விடைகளே. ஆனால் கேள்வியின் கடைசியில் "மிகக் குறைந்த செலவில்" என்றோ "மிகக் குறைந்த வேலைப்பளுவில்" என்றோ ஒரு சொல் இருக்கிறது. பையன் வேலைக்கு ஆகும் முதல் விடையைப் பார்த்ததும் குறித்துவிட்டு நகர்ந்திருக்கிறான். "விலை குறைந்த துவரம்பருப்பு கேட்டவருக்கு முதல் ரகத்தைக் கட்டிக் கொடுத்தாயா?" என்றோம். சிரித்துவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்பதைத் தனியே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் விடையைப் பார்க்கிறான்.

இன்னொன்று அவனுக்குத் தெரியாமலே போயிற்று. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் கேட்டால் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் அந்தத் தேர்வுக்குக் கிடைக்காது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இந்த அரை மணி எவ்வளவு பெரிது! விடை தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

தேர்வில் வந்த கேள்விகள் அப்படியே இருக்கின்றன, இரண்டாயிரம் ரூபாய் போதும் என்று ஒருவர் அவனுக்குச் சேதி அனுப்பினார். இவற்றுக்கு 'டம்ப்ஸ்' என்று பெயராம். வாங்கியது தெரிந்தால் சான்றிதழையே ரத்து செய்துவிடுவார்கள். அது கிடக்கட்டும், சான்றிதழோடு வேலைக்குப் போய் முதல் நாளே ஒரு முதலாளியின் கணக்கைத் தொலைத்துவிட்டு நின்றால் என்ன சொல்வான்? தட்டு போன அந்த வாரத்தை நாம் மறக்கவில்லை. வேண்டாம் என்றோம். அவனும் வேண்டாம் என்றுதான் ஏற்கெனவே பதில் போட்டிருந்தான்.

கையால் பழகுவதே மேல். புதிதாகக் கணக்குத் தொடங்குவோருக்கு அந்நிறுவனமே பழகிப் பார்க்க ஓரளவு வரவு வைத்துத் தருகிறது. ஆனால் ஓட விட்ட இயந்திரத்தை நிறுத்த மறந்தால், கிடங்கில் விளக்கை எரியவிட்டு வந்த கதைதான், வாடகை ஏறிக்கொண்டே போகும். இத்தனை ரூபாயைத் தாண்டினால் தகவல் வர வேண்டும் என்று முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். தராசுக்கு முத்திரை போடும் நமக்கு இது விளங்கும்.

மறுதேர்வுக்கு நாள் குறித்தாயிற்று. வீட்டிலிருந்தும் எழுதலாம்தான், கேமரா வழியே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார், அறைக்குள் வேறு ஆள் வந்தால் தேர்வே போய்விடக்கூடும். நம் வீட்டில் இரண்டரை மணி நேரம் யாரும் கதவைத் தள்ளாமல் இருப்பது நடக்கிற காரியமா? தேர்வு மையத்துக்கே போகிறான். அன்றைக்கு நாமும் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருப்பதாக ஏற்பாடு.