ஒரு மொட்டு கூடுதல்

ஸ்காட்லாந்தின் பைன் காட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிளை நுனியைப் பார்த்தால் செம்பழுப்பு மொட்டுகள் கொத்தாக நிற்கும். எண்ணிப் பார்த்தால் சில சமயம் ஒன்று கூடுதலாக இருக்கும். அந்த மொட்டுக்கு ஆறு கால்கள்!

‘பைன் பியூட்டி’ என்ற அந்துப்பூச்சி அது. அறிவியல் பெயர் பனோலிஸ் ஃபிளாமியா. ஃபிளாமியா என்றால் தீயின் நிறத்தது என்று பொருள். ஒளிந்து வாழும் பூச்சி என்றாலே சாம்பல் பூசியதுபோல் மங்கலாக இருக்கும் என்று நினைக்கிறோம். இதுவோ செங்கல் நிறத்தில், வெளிர்ப் புள்ளிகளோடு இருக்கிறது. வெள்ளைத் தாளில் வைத்தால் பளிச்சென்று தெரியும். பைன் மொட்டுகளுக்கு நடுவே சிறகை மடக்கி உட்கார்ந்தால் கண்ணுக்குச் சிக்காது. பகலெல்லாம் அப்படியே கிடந்துவிட்டு, இரவில் வில்லோ மரப் பூக்களுக்குத் தேன் குடிக்கப் போகும்.

முட்டைகளைப் பழைய ஊசியிலைகளில் வரிசையாக ஒட்டி வைக்கும். ஆனால் பொரிந்த குஞ்சுப் புழுவுக்குப் பழைய இலையைக் கடிக்கப் பல் போதாது, தளிர் வேண்டும். எனவே மரம் துளிர்க்கும் நேரமும் முட்டை பொரியும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். வளர்ந்த புழு பச்சை உடலில் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகளோடு இன்னொரு ஊசியிலையாகவே கிடக்கும். கம்பளிப்பூச்சி என்று சொல்லவும் வழியில்லை, உடம்பு வழுவழு. கோடையில் மரத்தைவிட்டு இறங்கி, சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகி அடுத்த வசந்தம்வரை உறங்கும்.

ஸ்காட்லாந்தின் சொந்த மரமான ஸ்காட்ஸ் பைனில் இது அடக்கமாகத்தான் வாழ்ந்துவந்தது. இருபதாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் லாட்ஜ்போல் பைனைக் கொண்டுவந்து, வடக்கே கரிச்சதுப்பு நிலங்களில் பெருந்தோட்டங்களாக நட்டார்கள். 1976-இல் அங்கே புழுக்கள் பெருகி மரங்களை மொட்டையடித்தன. விமானத்திலிருந்து மருந்து தெளிக்க வேண்டியதாயிற்று. புது மரத்தின் ருசிதான் காரணம் என்று தோன்றும். ஆய்வாளர்களோ எதிரிகளைக் கைகாட்டினார்கள்: ஸ்காட்ஸ் பைன் காட்டில் இந்தப் புழுவைத் தின்னும், அதன் உடலில் ஒட்டுண்ணியாக வளரும் உயிர்கள் ஏராளம், புதுத் தோட்டத்தில் அந்தக் காவல் குறைவு. உள்ளூர் மரமானாலும் ஒரே இனத்தை மைல் கணக்கில் நட்டால் ஆபத்துதான். 1920-களில் ஜெர்மனியின் ஸ்காட்ஸ் பைன் தோட்டங்களை இதே புழு பெரிய அளவில் அழித்தது.

1976-க்குப் பின் ஸ்காட்லாந்தின் வனத்துறையினர் பூச்சியைக் கிளைகளில் மட்டும் தேடவில்லை. குளிர்காலத்தில் மரத்தடிச் சருகைக் கிளறி, சதுர மீட்டருக்கு எத்தனை கூட்டுப்புழு என்று எண்ணினார்கள்.